கூட்டிச் சொன்ன ஒரு வாக்கியம்

எங்கள் சபையில் அவருக்கு எதிரொலி என்று பட்டப்பெயர். வைத்தது வாலிபர் கூட்டம். வெளியூர்ப் போதகர் யாராவது வந்தால் மேடையில் இரண்டு மைக் வைப்பேன். போதகர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், எதிரொலி அண்ணன் அதைத் தமிழில் சொல்வார். போதகர் கையை உயர்த்தினால் இவர் கையும் உயரும். போதகர் பிரசங்க மேசையை ஓங்கிக் குத்தினால் இவரும் குத்துவார், ஆனால் கொஞ்சம் பார்த்துத்தான், ஏனென்றால் அந்த மேசைக்கு ஒரு கால் ஆட்டம். விருந்தாளிக்கு அது தெரியாது. போதகர் அழுதால் மட்டும் இவர் சும்மா நிற்பார். அழுகைக்கு எதற்கு மொழிபெயர்ப்பு என்பார்.

நான் சபையின் மைக்செட்காரன். டயர் கடைக்கு மேலே நீளமான ஒரு கூடம், அதுதான் எங்கள் சபை. கீழே சக்கரத்துக்குக் காற்றடிக்கிற சத்தமும் மேலே துதி ஆராதனையும் ஒன்றாகக் கேட்கும். என் இடம் கடைசி வரிசைக்குப் பின்னால், மிக்சருக்கும் சுவருக்கும் நடுவில். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய பின்னந்தலையும் மேடையில் நிற்கிறவர்களின் முகமும் தெரியும். எதிரொலியின் முகத்தை அவர் மனைவியைவிட அதிகமாகப் பார்த்தவன் நான்தான் என்று நினைக்கிறேன்.

வார நாட்களில் அவருக்கு வேறு வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், யாரும் படிக்காமல் கசக்கிப் போடுவது, அதைத் தமிழாக்குவது. இளமையில் கப்பல் கம்பெனியில் இருந்தபோது ஒரு தூரதேசத்து மொழியைக் கற்றிருந்தார். அந்த நாட்டு மருந்துகளுக்கெல்லாம் இவர்தான் தமிழ் எழுதினார். அதில் அவ்வளவு கறார். ‘தேவைப்பட்டால்’ என்று ஒரு சொல்லைக் கூட்டிவிட்டால் எவனோ ஒருவன் மாத்திரையை முழுங்கிவிட்டுப் போய்ச் சேருவான் என்பார். எழுதிய தாளை மகனிடம் கொடுத்து, மூலத்தோடு ஒத்துப்பார்க்கச் சொல்வார். மகனுக்கும் அந்த மொழியை வீட்டிலேயே கற்றுக்கொடுத்திருந்தார். எங்கள் சபையில் அந்த மொழி தெரிந்தவர்கள் அப்பாவும் மகனும் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தக் கறார் எங்கே போகுமோ தெரியாது. போதகர் கடவுள் நல்லவர் என்று மட்டும் சொல்வார். இவர், என் தேவன் நல்லவர், நீ அவரைக் கைவிட்ட அன்றைக்கும் அவர் நல்லவர் என்று நீட்டுவார். ஜனம் ஆமென் என்று அதிரும். தன் பிரசங்கம் இப்படி வேலை செய்கிறதே என்று விருந்தாளிக்கும் சந்தோஷம். கொஞ்சம் உப்புப் போட்டால்தான் இறங்கும் என்று எதிரொலி என்னிடம் கண்ணடிப்பார். நாங்கள் அதைப் பரிசுத்த ஆவி இறங்கிய அபிஷேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எப்போதாவது யாராவது வந்து, இன்றைக்கு செய்தி ரொம்பக் கடுமை என்று முணுமுணுத்தால் அவரிடம் பதில் தயாராக இருக்கும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்.

மகன் எப்போதும் மூன்றாவது வரிசையில் உட்காருவான். அப்பாவுக்கு ஒரு சொல் தட்டுப்பட்டால் அவன் அங்கிருந்தே உதட்டை அசைத்து எடுத்துக்கொடுப்பான். ஒரு நொடிதான், யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நொடியில் எதிரொலியின் முகம் மலரும்.

கீபோர்டு வாசித்தவன் தையல் அம்மாவின் ஒரே பிள்ளை. தையல் அம்மா இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தார். ஜிப் மாற்றுவது, பேன்ட் உயரம் குறைப்பது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது, பெருத்தவர்களுக்கு விட்டுக் கொடுப்பது என்று ஒரு மெஷினை வைத்துக்கொண்டு அவனை வளர்த்தவர். எதிரொலி மகனும் கீபோர்டுக்காரனும் நகமும் சதையும் மாதிரி என்று சபையே மெச்சியது. மெச்சினோமே தவிர, கவனித்துப் பார்க்கவில்லை.

இனிச் சொல்வதை எதிரொலியே பின்னால் என்னிடம் சொன்னார். ஒரு வாரம், சாப்பாட்டு மேசையில், மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நட்பு இல்லை, அதற்கும் மேலே, அவனோடுதான் என் வாழ்க்கை, மறைத்து வாழ எனக்குப் பிடிக்கவில்லை என்றான். அம்மா அழுதார். அப்பா எழுந்து கையைக் கழுவிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குச் சட்டையை இஸ்திரி போடப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் ஒரு நிதானமான போதகர். கத்தமாட்டார், குதிக்கமாட்டார், எனக்கு வேலையே வைக்காதவர். பவுல் ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுத்தார். ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்று வருகிற அந்த இடம். அவர் சொன்னது இதுதான் என்று இப்போது தெரியும்: இதை நான் பழைய விதமாகத்தான் வாசிக்கிறேன். வேறு விதமாக வாசிக்கிற பக்தியுள்ளவர்களும் இருக்கிறார்கள். பவுல் எந்தப் பழக்கத்தை மனதில் வைத்து எழுதினார் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நீண்ட குற்றப்பட்டியலைக் கேட்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறவனைத்தான் பவுல் அடுத்த அதிகாரத்தின் வாசலிலேயே, நீயும் குற்றவாளிதான் என்று பிடிக்கிறார். உங்கள் பிள்ளை ஒருவன் வந்து இப்படிச் சொன்னால் அவனுக்காக ஜெபியுங்கள், அவனோடு சேர்ந்து சாப்பிடுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தது வேறு. பட்டியல் முழுசாக வந்தது, உப்போடு. வேறு விதமாக வாசிக்கிறவர்கள் வரவில்லை. அடுத்த அதிகாரம் வரவே இல்லை. போதகர், சேர்ந்து சாப்பிடுங்கள் என்று முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினார். எதிரொலி மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உன் வீட்டில் அப்படி ஒருவன் இருந்தால் கதவை அடை. அவன் தட்டினாலும் திறக்காதே. திறந்தால் அவன் பாவத்தில் உனக்கும் பங்கு.”

ஆமென் கூரையைத் தூக்கியது. மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தது. போதகர் தண்ணீர் டம்ளரோடு திரும்பி, அன்பாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு மெல்லிய இசை வரவேண்டும், ஜெபத்துக்காக. வரவில்லை. நான் கேபிளை அசைத்துப் பார்த்தேன். கேபிளில் ஒன்றுமில்லை. கீபோர்டுக்காரன் இரண்டு கையையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, கீபோர்டுக்கு உறையைப் போர்த்தி, என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனான். உறையின் நான்கு மூலையையும் ஒழுங்காக இழுத்துவிட்டுப் போனான்.

எதிரொலி மகன் அந்த வாரமே வீட்டை விட்டுப் போனான். வாசலில் செருப்பு மாட்டும்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னானாம். “அவர் அதைச் சொல்லலப்பா.”

கீபோர்டுக்காரனும் ஊரில் இல்லை என்று கேள்விப்பட்டோம். எங்கே போனான் என்று தையல் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் வீட்டுக் கதவில் ஒரு அட்டை வந்தது: தயவுசெய்து தட்ட வேண்டாம், மணியை அழுத்தவும். துணி கொடுக்கப் போகிறவர்கள், அம்மா நாகரிகமாகிவிட்டார் என்று கேலி பேசினார்கள். ஒரு நாள் என் பேன்ட்டை வாங்கப் போனேன், கை நிறையச் சாமான், முழங்கையால் கதவை இடித்துவிட்டேன். உள்ளே மெஷின் சத்தம் பட்டென்று நின்றது. வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கதவைத் திறந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை. நீங்களா என்றார். வேறு யார் என்று நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

எதிரொலி அந்தத் தெருப்பக்கமே போவதில்லை. மனைவிதான் துணி கொண்டு போவார். மேடையில் ஏறுவதை மட்டும் விடவில்லை. ஆனால் உப்பு நின்றுவிட்டது. போதகரின் வாக்கியத்துக்கும் இவருடைய வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழ ஆரம்பித்தது. வயசாகிவிட்டது என்றார்கள். ஒரு நாள் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்றாவது வரிசையில் யார் உட்கார்ந்தாலும், கிழவரோ கைப்பிள்ளையோ, அவர்கள் உதடு அசைகிறது, மகன் வாசலில் சொன்ன அதே வார்த்தையைச் சொல்கிறது என்றார். அந்த நாற்காலிகளைக் கொஞ்ச நாள் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். காலி இடமும் சொல்லும் என்றார். அன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முழுக்கச் சொன்னார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போதும் அவர் தன் மகனை நினைத்துத்தான் பேசினார். தையல் அம்மாவின் கதவைப் பற்றி அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வருஷங்கள் போய், அதே போதகர் திரும்பி வந்தார். கையில் ஊன்றுகோல். சனிக்கிழமை பிற்பகலில் குடும்பங்களுக்கான கேள்வி-பதில் கூட்டம். நான் கையில் ஒரு மைக்கோடு வரிசைக்கு வரிசை போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைகள் போனையே பார்க்கிறார்கள், மருமகள் ஜெபத்துக்கு வருவதில்லை, இப்படித்தான் கேள்விகள். எதிரொலி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாற்றிச் சொன்னார், சுத்தமாக, மருந்துத் தாள் மாதிரி.

அப்போது தையல் அம்மா எழுந்தார். மைக்கைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, போன தடவை வந்தப்போ கதவை அடைன்னு சொன்னீங்க. நான் அடைச்சேன். அன்னைக்கு மத்தியானம் என் பையன் என்கிட்ட எல்லாத்தையும் சொன்னான். நான் பதில் பேசல. அவன் கீழே போய்ட்டு சாயங்காலம் வந்து தட்டினான். நான் உள்ளேதான் இருந்தேன். கதவுல முதுகைச் சாய்ச்சு உக்காந்திருந்தேன். அவன் தட்டினது என் முதுகுல பட்டுச்சு. திறக்கல. அது எந்த வசனம்னு இத்தனை நாளா தேடுறேன், கிடைக்கல. சோதோம் கதையிலயும் கதவை அடைக்கிறாங்க. ஆனா அங்கே வந்த விருந்தாளியைக் காப்பாத்தத்தான் அடைக்கிறாங்க. அந்த ஊரோட பாவம் பெருமையும், ஏழைக்குக் கை கொடுக்காததும்னு தீர்க்கதரிசி எழுதியிருக்கார். வேற எங்கேயாவது இருக்கா? எந்த இடம்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

போதகர், என்ன கேட்கிறார் என்பதுபோல எதிரொலி பக்கம் சாய்ந்தார்.

அந்த நேரத்தில் அவர் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இந்த அம்மாவின் மகன் தொலைந்துவிட்டான், ஜெபிக்கச் சொல்கிறார் என்று சொல்லியிருந்தால் போதும். போதகர் கண்ணை மூடி ஜெபித்திருப்பார், நாங்கள் ஆமென் சொல்லியிருப்போம், கூட்டம் கலைந்திருக்கும். அந்த மொழி தெரிந்த இன்னொருவன் ஊரிலேயே இல்லை. அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது என்று பின்னால் சொன்னார். அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். ஒரு சின்னப் பெண் அங்கே சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். பிறகு போதகரிடம் பேசினார், நிறுத்தி நிறுத்தி, ஒன்றையும் விடாமல். கதவு என்று சொல்லும்போது அவர் உள்ளங்கை தானாகவே முன்னால் நீண்டது.

போதகரின் முகம் மாறியது. சின்னதாக ஒரு வாக்கியம் சொன்னார். எதிரொலி அதைத் தமிழில் சொல்லவில்லை. மைக் போய்விட்டதோ என்று நான் ஓடிப்போய் ஒலியைக் கூட்டினேன். அவர் மூச்சு விடுவது கூடம் முழுக்கக் கேட்டது.

நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றுதான் போதகர் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷமும் போதகரின் ‘நான்’ எல்லாம் இவர் வாயில் ‘நான்’ என்றே வரும், அதுதான் மேடை வழக்கம். இந்த ஒரு ‘நான்’ அவர் வாயில் வரமாட்டேன் என்றது.

“அவர் அப்படிச் சொல்லலம்மா,” என்றார். “நான் சொன்னேன். என் மகன் மேல இருந்த கோபத்துல, அவனுக்குச் சொன்னேன். அது எந்த வசனமும் இல்ல. அவர் சேர்ந்து சாப்பிடுங்கன்னு சொன்னார்.”

சபை மூப்பர் ஒருவர் என்னைப் பார்த்து, மைக்கை அணை என்று கையைக் காட்டினார். எனக்குக் கண் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போதகர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

தையல் அம்மா அழவில்லை. திட்டவில்லை. மைக்கின் தலையைக் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் கொடுத்தார், வாங்கிய பொருளைச் சுத்தமாகத் திருப்பித் தருகிற மாதிரி. “சேர்ந்து சாப்பிடுங்கன்னா சொன்னார்?” என்று என்னிடம் மெல்லக் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

கூட்டம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. எதிரொலி என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே வந்துவிட்டார். டயர்கள் அடுக்கி வைத்த சுவரோரம் நின்று, மனைவியிடம் போன் நம்பரை வாங்கி, முதல் தடவையாக மகனுக்குப் போன் செய்தார். போனை நான்தான் பிடித்திருந்தேன், ஒலிபெருக்கியில் போட்டு. மேடையில் நடந்ததைச் சொன்னார்.

“எனக்கு அது உங்க வார்த்தைன்னு அன்னைக்கே தெரியும்பா,” என்றான் மகன். “இவனுக்கு எப்படித் தெரியும்? நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். இவனை ஆறுதல்படுத்தத்தான் சொல்றேன்னு நினைச்சான். அவ்வளவு பேரும் ஆமென் சொன்னாங்களேன்னு கேட்பான்.”

அப்படியானால் கீபோர்டுக்காரன் அங்கேதான் இருக்கிறான், மகனோடு. உங்கள் குரலைக் கேட்டதும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான் என்றான் மகன். பிறகு போனைக் கையால் மூடிப் பேசுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தான்.

“இவன் ஒண்ணு கேக்கிறான். அன்னைக்கு இவன் தட்டினப்போ அம்மா வீட்ல இருந்தாங்களான்னு கேக்கிறான். தைச்ச துணியைக் குடுக்க வெளியே போயிருப்பாங்கன்னுதான் இத்தனை நாளும் சொல்லிட்டிருக்கான்.”

எதிரொலி என்னைப் பார்த்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பதில் தெரியும். அவங்களையே கேட்டுச் சொல்றேன் என்று போனை வைத்தார்.

வழியில் நான் என் புத்தியைக் காட்டினேன். வெளியே போயிருந்தாங்கன்னு சொல்லிடுங்கண்ணே, எல்லாருக்கும் நிம்மதி, இது பொய்யே இல்லை என்றேன். அவர் தெரு நடுவிலேயே நின்றுவிட்டார்.

“மறுபடியும் என்னைக் கூட்டிச் சொல்லச் சொல்றியா?” என்றார்.

இரண்டாவது மாடிக்கு ஏறினோம். மணியை அழுத்தத் தேவையில்லாமல் இருந்தது. கதவு சுவரில் போய் முட்டும் அளவுக்குத் திறந்து கிடந்தது, அட்டை அதிலேயே இருந்தது. தையல் அம்மா மெஷினுக்குப் பக்கத்தில், தைக்காமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வாசலுக்கு வெளியிலேயே நின்று, மகன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், என்ன கேட்கிறான் என்று சொன்னார். அந்த அம்மா எழுந்து வந்தார். நான் அவர் அறைவார் என்று பயந்தேன். அறைந்திருந்தால் அண்ணனுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

“உள்ளேதான் இருந்தேன்னு சொல்லுங்க,” என்றார். “கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

மறுபடி போன் செய்து பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், எதிரொலி அதை அப்படியே சொல்வார், தமிழில் இருந்து தமிழுக்கு. நான் உள்ளேதான் இருந்தேன். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். நீ தட்டியது என் முதுகில் பட்டது. நான் திறக்கவில்லை. அந்தப் பக்கம் மகன் அதையே திருப்பி யாருக்கோ சொல்வது கேட்டது, அப்பாவின் அதே நிதானத்தில், அதே நிறுத்தத்தில். அந்த அம்மா நேராகப் போனில் பேசியிருக்கலாம். யாருக்கும் அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் துணிச்சல் வந்திருக்காது.

கடைசி வாக்கியம் போய்ச் சேர்ந்த பிறகு நாங்கள் காத்திருந்தோம். கீழே யாரோ படியில் ஏறி, முதல் மாடியிலேயே நின்றுவிட்டார்கள்.

“தெரியும்னு சொல்றான்,” என்றான் மகன். அவன் குரல் உடைந்திருந்தது. “கதவுக்கு அடியில அம்மாவோட நிழல் தெரிஞ்சுச்சாம். நீங்க உண்மையைச் சொல்றீங்களான்னு பார்க்கத்தான் கேட்டானாம்.”

எதிரொலி அதை அந்த அம்மாவிடம் சொன்னார். அவர் குனிந்து தரையைப் பார்த்தார், கதவு நிற்கிற இடத்தை.

“வருவானாம்,” என்றான் மகன். “எப்பன்னு சொல்லல. ஆனா தட்ட மாட்டானாம்.”

அதையும் சொன்னார்.

தையல் அம்மா அன்றைக்கே மெஷினை இழுத்து வாசலுக்கு நேராகப் போடச் சொன்னார். நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் போட்டோம். இப்போது அவர் படியைப் பார்த்தபடிதான் தைக்கிறார். தூசி வருகிறது, பூனை வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் திருடன் வருவான் என்கிறார்கள். எதிரொலி மேடை ஏறுவதில்லை, மருந்துத் தாள் எழுதுகிறார். வேலை முடிந்து போகும்போது அந்தக் கட்டடத்தின் கீழே நின்று ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். கதவு திறந்துதான் இருக்கிறது. அவன் இன்னும் வரவில்லை.